சுருக்கம் கொடுத்த லீவு லெட்டர்

அவளுக்குச் சுருக்கம் என்று பெயர் வைத்தது நான்தான். துணியில் ஒரு சுருக்கம் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அது ஒரு காரணம். இன்னொன்று அவள் பேச்சு. நான் அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசினால் "ம்", "சரி", "போடி", இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். இதை வைத்தே ஒரு ஹோட்டலின் சலவை அறையில் பதினோரு வருடம் ஓட்டிவிட்டாள். அவள் இஸ்திரி போடுவாள், நான் மடிப்பேன். நடுவில் ஒரு நீள மேசை.

போன வருடம் அவள் வலது கண்ணில் புரை விழுந்தது. "மங்கலா இருக்குடி. வெளிய சொல்லாத" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுத்ததிலிருந்து அவள் வேலையை நம்பித்தான் குடும்பம். ஆனால் எத்தனை நாள் மறைப்பது? ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியில் சூட்டின் எண் தெரியாமல் தப்பாகத் திருப்பி, விருந்துக்கு வைத்திருந்த வெள்ளை மேசைவிரிப்பை நட்ட நடுவில் கருக்கிவிட்டாள். மேனேஜர் வந்து கத்து கத்து என்று கத்தினார். புது ஆள், நம் மொழி தெரியாது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கத்தியது நன்றாகவே புரிந்தது.

அதற்கு மறுநாளே ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. அப்புறம் பத்து நாள் இஸ்திரிச் சூட்டுப் பக்கமே போகக் கூடாது. இதை விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான், அதற்குள் முற்றிப்போய்விடும் என்றாராம் டாக்டர்.

லீவு வேண்டும். லெட்டர் இங்கிலீஷில்தான் தர வேண்டும். எப்போதும் எழுதித் தருவதும், மேனேஜருக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுவதும் ரிசப்ஷன் பெண்தான். அந்த மகராசி அந்த வாரம் பார்த்து லீவில் போயிருந்தாள்! ஆக, எட்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்த மேதை நானே பேனாவைத் திறந்தேன்.

"என்னக்கா எழுதணும்?"

"வெள்ளிக்கிழமையில இருந்து லீவு."

"கண்ணுன்னு போடவா?"

"வேண்டாம்."

"எத்தன நாளுன்னாச்சும்?"

"பத்து நாள்னா குடுக்க மாட்டாரு. சுருக்கமா எழுது."

எழுதினேன். 'சார், ஐ லீவ் ஃப்ரம் ஃப்ரைடே. தேங்க் யூ.' என் இங்கிலீஷைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். நானே கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கவரில் பதில் வந்தது. படித்ததும் நான்தான். ஆரம்பத்தில் 'சாரி' இருந்தது, கொஞ்சம் தள்ளி 'லீவ்' இருந்தது. மற்றதெல்லாம் எனக்கு எட்டவில்லை. இதற்கு மேல் என்ன புரிய வேண்டிக் கிடக்கிறது?

"அக்கா, சாரி, லீவு இல்லைன்னுட்டாரு."

"சரி" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன சரி? கண்ணு போனா வருமா?"

"வேலை போனா வருமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த தலையணை உறையை விரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியவள் சலவை அறைக்கு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் இடத்தில் யாரோ ஒரு பெண், அவளுடைய இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்குத்தான் சேந்தேன். பழைய ஆளு போயிட்டாங்களாமே?" என்றாள் அந்தப் பெண், சிரித்த முகமாக.

"மேசைவிரிப்பு" என்றாள் சுருக்கம், சுவரைப் பிடித்துக்கொண்டு. கருக்கியதற்காக வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லீவில் போன ரிசப்ஷன் பெண் அன்று காலைதான் வேலைக்கு வந்திருந்தாள். இவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன். மேனேஜரின் பதிலை அவள் படித்தாள், எங்களைப் பார்த்தாள், நேரே மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போனாள். அவர் டிராயரைத் திறந்து எங்கள் லெட்டரை எடுத்து நீட்டினார். அதைப் படித்ததும் ரிசப்ஷன் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"யாரு அக்கா இத எழுதினது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"லீவு வேணும்னா 'ஐ வான்ட் லீவ்'னு கேக்கணும். மொட்டையா 'ஐ லீவ்'னு போட்டா, வேலைய விட்டுட்டுப் போறேன்னு அர்த்தம். 'நீங்க போறதுல ரொம்ப வருத்தம், இத்தன வருஷம் உழைச்சதுக்கு நன்றி'ன்னு சார் பதில் எழுதியிருக்காரு. அதுல எங்க இருக்கு லீவு இல்லைன்னு?"

மேனேஜர் தலையைக் குனிந்தபடி ஏதோ சொன்னார். "அன்னைக்கு அவர் கத்தினதுக்குத்தான் கோவிச்சுக்கிட்டுப் போறீங்கன்னு நினைச்சாராம். ரெண்டு நாளா மனசே சரியில்லையாம்" என்றாள் ரிசப்ஷன் பெண்.

அவ்வளவுதான், சுருக்கம் உடைந்துவிட்டாள். கண், மங்கல், சூட்டின் எண், வீட்டுக்காரர் இடுப்பு, பதினோரு மணி என்று நிறுத்தாமல் கொட்டினாள். ரிசப்ஷன் பெண்ணால் பாதியைக்கூட எட்டிப் பிடித்து இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை. இவள் வாய்க்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். போனை எடுத்து ஹோட்டல் காரை வரச் சொன்னார். "பத்து நாள் லீவுன்னு சொல்றாரு சார். புதுசா வந்தவங்க அதுவரைக்கும் உங்க இடத்துல, அப்புறம் துவைக்கிற பக்கம். உங்க வேலை எங்கயும் போகல, கிளம்புங்க" என்று எங்களைத் தள்ளாத குறையாக அனுப்பினாள் ரிசப்ஷன் பெண். அப்பாடா! எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

காரில் போகும்போது யோசித்தேன். நம்முடைய விடுப்பும் விடுவதிலிருந்து வந்ததுதான். அதற்காக 'வெள்ளியிலிருந்து விடுகிறேன்' என்று எழுதினால் எவனாவது லீவு கொடுப்பானா? சொன்னேன். "போடி" என்றாள், ஆனால் சிரித்துக்கொண்டே.

பதினோராம் நாள் வந்து நின்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நரையா உனக்கு?" என்றாள். கையில் ஒரு காகிதம். "உன் இங்கிலீஷ் வேண்டாம்னு நானே எழுதிட்டேன்." பார்த்தேன். 'சார், ஐ கம்.'

மேனேஜர் படித்துவிட்டு, அதே காகிதத்தில் கீழே எழுதிக் கொடுத்தார். 'குட். ப்ளீஸ் டோன்ட் லீவ்.'

"பாத்தியா அக்கா! இனிமே லீவே போடக் கூடாதாம்!" என்று நான் குதித்தேன்.

பக்கத்தில் இருந்த ரிசப்ஷன் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அக்கா, நீங்க படிக்கிறதையே விட்டுடுங்க! எங்கள விட்டுட்டுப் போயிடாதீங்கன்னு கேக்குறாரு."

சுருக்கம் அந்தக் காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். மடிக்கவில்லை, மடித்தால் சுருக்கம் விழுமே. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"போகலன்னு சொல்லு" என்றாள் ரிசப்ஷன் பெண்ணிடம். சொல்லிவிட்டு இஸ்திரி போடப் போய்விட்டாள்.