தாமிரனுக்குச் சிவப்பு டேக்

தளவாய்க்கு எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். அது அவன் பிழைப்பு. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் லைனில் ஆபரேட்டர், அவன் தரம் பார்க்கிறவன். நான் செய்து தள்ளுவதை அவன் அளந்து பார்ப்பான். அளவு தப்பினால் சட்டைப்பையிலிருந்து சிவப்பு டேக்கை எடுப்பான். குறை இன்னதென்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கட்டிவிடுவான். சிவப்பு டேக் ஏறிவிட்டால் அந்தப் பாகம் குப்பைக்குத்தான். ஒரு பெட்டியில் நூறு உருப்படி இருந்து ஒன்றே ஒன்று பழுதென்றாலும் பெட்டிக்கே டேக் கட்ட வேண்டும் என்று விதி. மற்றவர்கள் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். தளவாய் விடமாட்டான்.

வெளியிலும் அப்படித்தான். வடக்குப்பட்டில் நாங்கள் சாப்பிடும் அம்சவல்லி அக்கா மெஸ்ஸில் ஒருநாள் சாம்பார் வாளிக்கு டேக் கட்டினான். ‘குறை: பருப்பு இல்லை.’ அக்கா ஒரு வாரம் அவனுக்கு அப்பளம் போடவில்லை.

நாங்குநேரிப் பக்கத்து ஆள். 2008-இல் வேலைக்கு வந்தபோது ஒரு பை துணியும் ஓர் அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தான். பெட்டிக்குள் தாமிரன் காமிக்ஸ், ஒன்றிலிருந்து நூற்று அறுபத்து நான்கு வரை, ஒரு நம்பர் குறையாமல். கோயில் மணியைத் தொட்டால் உடம்பு செம்பாக மாறிவிடும் வீரன் தாமிரன். பிள்ளைப்பாக்கத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் நானும் அவனுக்குப் பைத்தியம். எங்கள் நிலம் கம்பெனிக்குப் போய் வீடு மாற்றியபோது என் புத்தகங்களை என் அம்மா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார். ஆகவே தளவாயின் பெட்டியைப் பார்த்த அன்றே நாங்கள் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம். அந்தப் பெட்டிக்காகத்தான் அவனை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

ஊரில் அவனுக்கென்று வீடோ காடோ மிச்சமில்லை. கல்யாணம் இரண்டு முறை தட்டிப்போனது. அவனுடையது என்று சொல்ல அந்தப் பெட்டி ஒன்றுதான்.

நின்றுபோயிருந்த தாமிரன் 2013 ஆகஸ்டில் மறுபடி வந்தான். பழைய பதிப்பாளரின் மகன் ஆரம்பித்திருந்தார். வழவழப்புத் தாள், முழுக்கக் கலர், அட்டையில் பெரிதாக ‘நம்பர் 1’. எனக்கு அதைக் கையில் பிடிக்கவே அருவருப்பாக இருந்தது. தாமிரனுக்குத் தாடி, காதில் கம்மல். மணியைக் காணோம், ஏதோ லேப்பில் ஊசி போட்டுச் செம்பாகிறான்.

“இன்னா கருமம்பா இது, கம்மல் போட்டுகினு கீறான்” என்றேன்.

“கம்மல விடுவே. நாப்பத்தொண்ணாம் நம்பர்ல குண்டு வெடிச்சு இவனுக்கு இடது காது போச்சுல்லா? இங்க பாரு, இடது காதுல செல்போன வச்சுப் பேசுதான்.” தளவாய் பையில் கைவிட்டான். சிவப்பு டேக். ‘குறை: இடது காது கேட்கிறது.’ தேதி, கையெழுத்து.

மாதம் ஒன்றாக ஐந்து நம்பர் வந்தது. ஐந்துக்கும் டேக். சாட்சிக்கு இருக்கட்டும் என்று அவற்றைப் பெட்டியில் பழைய புத்தகங்களுக்கு மேலே வைத்தான். பழுது உள்ளே இருக்கிறதே, விதிப்படி பெட்டிக்கும் வெளியே ஒரு டேக் கட்டினான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், பழைய தாமிரனும் பெரிய யோக்கியமில்லை. எழுபத்து மூன்றாம் நம்பரில் அவன் அம்மா செத்தாள், தொண்ணூறில் அவளுக்கு இரட்டைச் சகோதரி முளைத்தாள், நூற்று இருபதில் பாதிக் கதை கனவு என்று சொல்லி வாசகன் தலையில் மிளகாய் அரைத்தார்கள். அதை எல்லாம் நாங்கள் வேதம் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தோம்.

தளவாய் எழுதிய கண்டனக் கடிதத்தை இரண்டாம் நம்பரில் முகவரியோடு போட்டார்கள். அதைப் பார்த்துத்தான் மாரிசெல்வி வந்தாள். சாத்தூர்ப் பெண், ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை, பென்னலூரில் ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மெஸ் காலியாக இருக்கும்போது நாங்கள் உட்கார்ந்து பேசுவோம். அவளும் பஸ் பிடித்து வந்து உட்காருவாள். டிசம்பரில் ஒரு ஞாயிறு, “இந்த மாச நம்பர்ல ஆஸ்பத்திரியில அம்மாவுக்குப் பக்கத்துல தாமிரன் ஒண்ணும் பேசாம உக்காந்திருக்கான்ல, அந்தப் பக்கத்த நாலு தடவ படிச்சேண்ணே” என்றாள்.

“அம்மையா? அம்மை எழுபத்தி மூணுலயே செத்தாச்சு” என்றான் தளவாய்.

“எனக்கு இதான் ஒண்ணாம் நம்பரு. அட்டையிலயும் அப்படித்தான போட்டிருக்கு?”

“அட்டையில ஆயிரம் போடுவான். முத நாப்பது நம்பர் படிக்காதவங்க தாமிரனப் பத்திப் பேசக் கூடாது.”

“சரி, குடுங்க. படிச்சிட்டுத் தாரேன்.”

“பெட்டி ரூம விட்டு வெளிய வராது. படிக்கணும்னா அங்க வந்து படிக்கணும்.”

ஆண்கள் தங்கியிருக்கும் அறை. வீட்டுக்காரர் காமாட்சியம்மாள் பெண் வாடை அடித்தாலே காலி செய்யச் சொல்கிறவர். அது தளவாய்க்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான். படிக்கவும் விடமாட்டான், படிக்காமல் பேசவும் விடமாட்டான். மாரிசெல்வியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அவன்மேல் எரிச்சல் வந்தது. கூடவே, அவள் வருவதற்கு முன் நானும் இதே மாதிரி இரண்டு பையன்களை விரட்டியிருக்கிறேன் என்பதும் ஞாபகம் வந்தது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு நான் அறைக்குப் போனபோது தளவாய் குளிக்கப் போயிருந்தான். நான் பெட்டியைத் திறந்து எழுபத்து மூன்றாம் நம்பரை உருவி பனியனுக்குள் செருகிக்கொண்டேன். பென்னலூர் போய் ஹாஸ்டல் கேட்டில் மாரிசெல்வியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். தளவாய்க்குத் தெரியாமல் அவன் விதியை மீற வேண்டும், அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே தளவாய் ஊருக்குப் பஸ் ஏறினான். அறையில் அவனோடு தங்கியிருந்த அந்தோணிராஜ் உவரிக்காரன், எங்கள் கம்பெனியிலேயே ஸ்டோர்ஸில் வேலை. ஓவர்டைம் பார்க்கலாம் என்று ஊருக்குப் போகவில்லை.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் தளவாயை ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அறை கழுவித் துடைத்திருந்தது. பெட்டி இருந்த மூலையில் தரை மட்டும் இருந்தது.

“பெட்டி எங்கல?” என்றான் தளவாய்.

“போகிக்குப் போட்டாச்சு அண்ணாச்சி” என்றான் அந்தோணிராஜ், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. “வேண்டாதது எல்லாம் எடுத்துப் போடுங்கன்னு வீட்டம்மா சொன்னாவ. வேண்டியது எது, வேண்டாதது எதுன்னு நானும் ரொம்ப நேரம் பாத்தேன். இதுல சிவப்பு டேக் கெடந்துச்சு. உள்ளேயும் டேக். நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீய?”

ஸ்டோர்ஸ் ஆள் அவன். சிவப்பு டேக்கும் கையெழுத்தும் இருந்தால் கேள்வி கேட்கக் கூடாது என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தளவாய் ஊரில் போகிக்கு வீடு வெள்ளையடிப்பார்களே தவிர, இங்கே மாதிரி தெருவில் போட்டுக் கொளுத்தும் வழக்கம் கிடையாது. பெட்டியை விட்டுப் போகும்போது அவனுக்கு அந்த நினைப்பே வரவில்லை. எனக்கு வந்திருக்க வேண்டும். நான் இந்த ஊர்க்காரன்.

காமாட்சியம்மாள் எட்டிப் பார்த்து, “இன்னாபா, பழைய குப்பைக்குப் போயி இப்பிடி நிக்கிற? நல்லாத்தான் எரிஞ்சுது” என்றார். தளவாய் வாசலுக்குப் போய், தெருவோரம் கறுத்துக் கிடந்த இடத்தில் உட்கார்ந்து குச்சியால் கிளறினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தோணிராஜை அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. எப்படித் திட்டுவான், கையெழுத்து அவனுடையது.

அடுத்த ஞாயிறு மெஸ்ஸுக்கு வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். மாரிசெல்விக்கு நான் போனில் எல்லாம் சொல்லியிருந்தேன். அவள் பாலிதீன் கவரில் சுற்றிய எழுபத்து மூன்றாம் நம்பரை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “ஒண்ணு தப்பிச்சிருக்குண்ணே.”

நான் திருடியதைச் சொன்னேன். தளவாய் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கவரைப் பிரித்தான். அழப்போகிறான் என்று நினைத்து நான் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் தள்ளினேன். அவன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். பதினாலாம் பக்கத்தில் நின்றான்.

“மூலை மடிஞ்சிருக்கு” என்றான்.

சட்டைப்பையில் கைவிட்டான். சிவப்பு டேக். ‘குறை: பக்கம் 14, மூலை மடிப்பு.’ தேதி போட்டான். கையெழுத்துப் போட்டான். புத்தகத்தோடு சேர்த்துக் கிளிப் போட்டான்.

எனக்கு அப்படியே எழுந்து போய்விடலாம் போல வெறுப்பாக இருந்தது. மாரிசெல்வி போகவில்லை. டேக்கைக் கழற்றி, இரண்டாகக் கிழித்து, யாரோ சாப்பிட்டு மடித்து வைத்திருந்த எச்சில் இலைமேல் போட்டாள்.

“இன்னொருத்தன் பாத்துக் கொளுத்தவாண்ணே?” என்றாள். புத்தகத்தைக் கவரில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். “இது எங்கிட்டயே இருக்கட்டும். வெளிய தர மாட்டேன். படிக்கணும்னா ஹாஸ்டலுக்கு வாங்க. உள்ள விட மாட்டாங்க, கேட்டுல நின்னு படிச்சிட்டுக் குடுத்திட்டுப் போங்க.”

தளவாய் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான். நான் அவனுக்காகப் பேசவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அவன் பென்னலூர் போனான். வாட்ச்மேன் முறைத்துக்கொண்டிருக்க, வெயிலில் கேட் கம்பியில் சாய்ந்து, ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்த அந்த முப்பத்திரண்டு பக்கத்தையும் படித்தான். பிறகு கம்பி வழியாகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான்.