என்னைக் காட்டிக்கொடுத்த மூத்திரப்பை

என் கல்யாணத்துக்கே ஒரே ஒரு போட்டோதான் எடுத்தார்கள். கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பித்த பிறகு தினமும் எடுக்கிறார்கள், அதுவும் வயிற்றுக்குள்ளே.

இன்றைக்கும் மெஷினில் படுத்தேன்.

"தண்ணி குடிச்சீங்களாக்கா?" என்று கேட்டாள் டெக்னீஷியன் பொண்ணு.

"வயிறு முட்டக் குடிச்சேன் கண்ணு."

படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "இன்னாக்கா, மூத்திரப்பை காலியா கீது?"

முப்பது வருஷமாக என் வீட்டுக்காரர் கண்டுபிடிக்காத பொய்களைச் சொன்னவள் நான். ஒரே நிமிஷத்தில் மாட்டிக்கொண்டேன்.

"இப்ப குடிச்சா, திரும்பிப் போறப்ப மலை பஸ்ல எங்க எறங்கி ஒக்கார்றது? நேத்து எடுத்த படத்தையே வெச்சிக்கயேன்" என்றேன்.

"நேத்து இருந்த எடத்துல இன்னிக்கு இருக்காதுக்கா. பை ரொம்பலன்னா கர்ப்பப்பை நகந்துடும், குடல் கீழ எறங்கிடும். கரண்ட்டு அதும்மேல பட்டுடும்."

"என் வூட்டுக்காரர விட அதிகமா ஊர் சுத்துதே!"

சிரித்தாள், ஆனால் விடவில்லை. கையில் தண்ணி பாட்டிலைக் கொடுத்து வெளியே உட்காரவைத்தாள். போளூர் போய்ப் பிடிக்கவேண்டிய கடைசி மலை பஸ் போய்விடுமோ என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு குடித்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி படம். "இப்பதான்க்கா சரியா கீது" என்றாள். கரண்ட் வைத்தார்கள். கக்கூசுக்கு ஓடினேன், பிறகு பஸ்ஸுக்கு ஓடினேன்.

இப்போது ஜவ்வாது மலை ஏறும் பஸ்ஸில்தான் இருக்கிறேன். குடித்த தண்ணி இன்னும் இறங்குகிறது, வளைவுகளும் முடியவில்லை. தண்ணி குடித்துவிட்டு இந்தப் பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

பை இப்போது அருமையாக நிரம்பியிருக்கிறது. படம் எடுக்கத்தான் ஆளில்லை.