இருபத்திரண்டு பச்சை டிக்குகள்

கண் முகாமுக்குப் பெயர் பதிவு செய்கிற வெப்சைட்டை நான்தான் செய்து கொடுத்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது பெருமை இருந்தது. மும்பை மாட்டுங்காவில் எங்கள் சங்கத்து ஹாலில் வருடா வருடம் நடக்கிற இலவச முகாம் அது. அதுவரை ஒரு நோட்டில்தான் பெயர் எழுதி வந்தார்கள். ஐரோலியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதிப் பிழைக்கிற ஒருவன் சங்கத்திலேயே உறுப்பினராக இருக்கும்போது நோட்டு எதற்கு என்று செயலாளர் கேட்டார். என்னை யாராவது எதற்காவது லாயக்கு என்று நினைத்துவிட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. பழக்கம் இல்லாததுதான் காரணம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தேன். செயலாளரிடம் காட்டியபோது, வயது என்கிற இடத்தில் அவர் ஏதோ தப்பாகத் தட்டிவிட, திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இந்தச் செகப்பு மட்டும் வேண்டாம், கேட்டேளா. வயசானவா பாத்தா பயந்துடுவா. ஏற்கெனவே கண்ணு சரியில்லேன்னுதான் வரா. 'நன்றி'ன்னு வந்தா போரும்."

கோடு ஓடும்போது எங்காவது தடுக்கி விழுந்தால் ஒரு கூச்சல் போடும். அதற்கு எக்செப்ஷன் என்று பெயர். அந்தக் கூச்சலைப் பிடித்து, எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்று எழுதிவைப்பதுதான் முறை. பிடித்து, வாயைப் பொத்தி, ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே போகவும் முடியும். ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, இந்த இரண்டாவது காரியத்தை ஒருக்காலும் செய்யாதீர்கள் என்று நான் வருடா வருடம் ஒரு மணி நேரம் பாடம் எடுப்பேன். கை தட்டுவார்கள். சங்கத்து வெப்சைட்டில் நான் செய்தது அந்த இரண்டாவது காரியம்தான். பொத்திய இடத்தில் 'பிறகு பார்க்க' என்று எனக்கே ஒரு குறிப்பும் எழுதிவைத்தேன். அந்தப் பிறகு வரவே இல்லை. சிவப்புக்குப் பதிலாக ஒரு பெரிய பச்சை டிக் வந்தது. அதன் கீழே 'நன்றி, பதிவாகிவிட்டது' என்று போட்டு, அவர்கள் எழுதி அனுப்பிய பெயரையும் வயதையும் திரும்பக் காட்டினேன். செயலாளருக்குப் பரம திருப்தி.

முகாமுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, இரண்டாவது தோசையில் இருந்தேன். போன் வந்தது. புது நம்பர். ஒரு பெண் குரல்.

"சார், தாராவியில இருந்து பேசுதேன். உங்க சங்கத்துல இந்த நம்பர குடுத்தாவ. நாளைக்கி கண்ணு முகாமுக்கு எத்தன மணிக்கு வரணும்?"

பெயரைக் கேட்டேன். லேப்டாப்பைத் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் பட்டியலைத் தேடினேன். மொத்தம் நாற்பத்தொரு பேர். அந்தப் பெயர் இல்லை.

"உங்க பேர் வரலையேம்மா. கடைசியில அந்தப் பட்டனை அமுக்கினீங்களா?"

"அமுக்கினேன் சார்."

"நல்லா அமுக்கினீங்களா?"

எங்கள் தொழிலின் ஆதிக் கேள்வி அது. தப்பு எங்கே இருந்தாலும் முதலில் எதிராளியின் விரலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்.

"இருபத்து மூணு தடவ அமுக்கியிருக்கேன் சார். இதுக்கு மேல நல்லா அமுக்கணும்னா சுத்தியல்தான் எடுக்கணும்."

"இருபத்து மூணு தடவையா?"

"எங்க லைன் வீடுகள்ல எல்லாருக்கும் நாந்தான போட்டேன். ஒவ்வொருத்தருக்கும் பச்ச டிக்கு வந்துச்சு. சார், நாளைக்கி விட்டா எனக்கு வேற நாளு கெடையாது. பேக் கம்பெனியில பை தைக்கேன். ஞாயித்துக்கெழம மட்டும்தான் லீவு. கண்ணுல புரை. தையலு கோணிக்கிட்டு போவுது. சேட்டுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா மிஷின்ல இருந்து எறக்கிருவாவ."

இன்னும் சில பெயர்கள் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதில் ஒரே ஒருவர்தான் பட்டியலில் இருந்தார், அவர்கள் மாடியில் குடியிருக்கிற ஒரு பெரியவர்.

"பாத்தீயளா, அவரு வந்துட்டாரு. எல்லாருக்கும் ஒரே போனு, ஒரே நம்பருதான். மத்தவிய மட்டும் எப்பிடி வராம போவாவ?"

விடை அந்த வாக்கியத்திலேயே இருந்தது. நான் சட்னியைத் தொட்டுக்கொண்டு, "பாத்துட்டுக் கூப்பிடறேம்மா" என்றேன்.

என் போனில் ஒரு பொய்ப் பெயரைப் பதிவு செய்து பார்த்தேன். பட்டியலில் வந்தது. மனைவியைக் கூப்பிட்டு அவள் போனிலும் முயலச் சொன்னேன். அதுவும் வந்தது. வெப்சைட் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளத் தயாரானேன். ஆனாலும் அந்த இருபத்து மூன்று உறுத்தியது. சர்வரில், யார் என்று தெரியாவிட்டாலும், எத்தனை முறை பட்டனை அமுக்கினார்கள் என்கிற கணக்காவது இருக்கும். எடுத்துப் பார்த்தேன். எங்கள் இரண்டு சோதனைகளைக் கழித்தால் அறுபத்து நான்கு. பட்டியலிலோ நாற்பத்தொன்று. வாசல் வரை வந்த இருபத்து மூன்று பேர் எங்கே போனார்கள் என்று வீட்டுக்காரனான எனக்கே தெரியவில்லை.

மனைவி இன்னும் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "ஏன்னா, எங்க அக்காவுக்கும் கண்ணு மங்கறதுன்னு சொல்லிண்டிருந்தா. அவ பேரையும் இப்பத்தான் போட்டேன். டிக் வந்துடுத்து."

பட்டியலைப் பார்த்தேன். மச்சினி இல்லை.

"எந்த நம்பர் போட்டே?"

"என் நம்பர்தான். அவ போனை எங்க எடுக்கறா."

தோசைத் தட்டைத் தள்ளிவைத்தேன். ஒரு போன் நம்பர் என்றால் ஒரு ஆள் என்று நான் தீர்மானித்திருந்தேன். ஒரே ஆள் இரண்டு தடவை பதிந்துவிடக் கூடாதே என்று, ஒரு நம்பரை ஒரு முறைக்கு மேல் வாங்காதே என டேட்டாபேசுக்கு உத்தரவு போட்டிருந்தேன். இரண்டாவது ஆள் அதே நம்பரோடு வரும்போதெல்லாம் அது நியாயமாகக் கூச்சல் போட்டிருக்கிறது. நான் வாயைப் பொத்தியிருக்கிறேன். வாயைப் பொத்திய அந்த நாலு வரியைத் தேடிப் பிடித்து, கையை எடுத்துவிட்டு மச்சினி பெயரை மறுபடி போட்டதும், சிவப்பில் கத்தியது: இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நம்பருக்கு ஒரு ஆள் என்கிற உத்தரவையும் எடுத்துவிட்டேன்.

செயலாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் பட்டியல் மாலை ஆறு மணிக்குள் போக வேண்டும். பட்டியலில் இருக்கிறவர்களுக்குத்தான் அவர்கள் ஃபைல் போட்டு எடுத்து வருவார்கள். ஃபைல் இல்லாவிட்டால் டாக்டர் பார்க்க மாட்டார். எல்லாவற்றையும் விளக்கி முடித்தேன்.

"ஆத்துக்காரி பேரையும் என் நம்பர்லதான் போட்டேன்" என்றார் மெதுவாக. "இருக்காளா, பாருங்கோ."

இல்லை. அவர் கேட்ட பச்சை டிக் அவருக்கே வந்திருந்தது. இருபத்து மூன்றில் ஒன்று கிடைத்துவிட்டது. மீதி இருபத்திரண்டும் தாராவியில்.

செயலாளர் மனைவியையும் மச்சினியையும் பதிந்துவிட்டு, தாராவிப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லார் பெயரும் வயதும் மறுபடி வேண்டும் என்றேன். முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார். "ஆனா போட்டோ இருக்கு சார். ஒவ்வொரு டிக்கையும் போனுல போட்டோ புடிச்சி வச்சிருக்கேன். அனுப்பலாம்னா, கம்பெனி பேக் போட்டோ ஆயிரம் கெடக்கு, அதுக்குள்ள எது எதுன்னு என் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்கு."

"நான் வரேன்" என்றேன். டாக்ஸிக்காரர் தொண்ணூறடி ரோட்டிலேயே இறக்கிவிட்டார். அங்கிருந்து போனில் வழி கேட்டுக் கேட்டு, மூன்று முறை ஒரே பேக்கரி முன்னால் வந்து நின்றேன். கடைசியில் அந்தப் பெண்ணே வந்து அழைத்துப் போனார். என் வயதுதான் இருக்கும். வலது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் திருப்பி இடது கண்ணால் பார்த்தார். சனிக்கிழமையாயிற்றே, வேலை இல்லையா என்றேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டாராம். காரணம் கேட்டதற்கு வயிற்று வலி என்று சொன்னாராம்.

"கண்ணுன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தோம். லேப்டாப்பை மடியில் வைத்தேன். டீ வந்தது. நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் அவரே எனக்கு ஒரு வழி விட்டார்.

"நெட்டு போயிருக்கும் சார். இங்க அடிக்கடி போவும். நீங்க ஒண்ணும் மனசுல வைக்காதீய."

எத்தனை அழகான காரணம். இருபது வருடமாக நான் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினால் போதும். டீயைக் குடித்தேன்.

"நெட் இல்லம்மா. நான்தான்" என்றேன். நம்பர் விஷயத்தைச் சொன்னேன். சிவப்பு எழுத்து வரக் கூடாதென்று நான் செய்ததையும் சொன்னேன்.

"அப்ப, வரலன்னாலும் வந்துட்டுன்னு சொல்லும்?"

"ஆமா."

"எங்க சேட்டு மாதிரியே" என்று சிரித்தார். "போன மாசமே சம்பளம் ஏத்திட்டேம்பாரு."

"ஒரு சந்தேகம். எதுக்கு எல்லாருக்கும் உங்க நம்பர்?"

"வீட்டுக்கு ஒரு போனுதான். அத ஆம்பளைய வேலைக்குக் கொண்டு போயிருதாவ. கேஸ் புக்கு, ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாத்துக்கும் என் நம்பருதான். மெசேஜ் வந்தா நாந்தான் போய்ச் சொல்லுவேன். உங்க முகாம்ல இருந்தும் ஒரு மெசேஜ் வந்துச்சே. லைனுக்கு மொத்தமா ஒண்ணுதான் அனுப்புவாவ போலன்னு நெனச்சேன்."

அந்த ஒன்று மாடிப் பெரியவருடையது. முதலில் பதிந்தது அவரைத்தான். ஏன் அவரை என்று கேட்டேன்.

"புது வெப்சைட்டு. எப்பிடி இருக்குமோன்னு பயம். அவருக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியும். அவரு பேர போட்டு, ஒழுங்கா வருதான்னு பாத்துட்டு மத்தவியளுக்குப் போட்டேன்."

ஆபீசில் இதற்கு நாங்கள் தனியாக ஆள் வைத்திருக்கிறோம்.

போனை என்னிடம் கொடுத்தார். பைகள், பைகள், கைப்பிடி இல்லாத பைகள். நடுநடுவே என் பச்சை டிக். ஒவ்வொன்றாகத் திறந்து பெயரும் வயதும் படித்தேன். அவர் பக்கத்தில் இருந்து, இவருக்கு இடது கண், அவளுக்குக் கண்ணாடி மட்டும் போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் புதிதாகப் பதிந்தேன். என் கோடு எழுதிவைக்காமல் விட்ட அத்தனையும் அந்தப் போனில் இருந்தது. எதற்காகப் படம் பிடித்தார் என்று கேட்டேன்.

"எந்த ஆபீசுக்குப் போனாலும் இங்க வரலன்னுதான சொல்லுதாவ. போட்டோ இருந்தா நின்னு பேசலாம்லா."

இருபத்தொன்று ஆயிற்று. கடைசிப் படம் அவருடையது. அந்த இருபத்து மூன்றில் எல்லாருக்கும் பின்னால் தன்னைப் போட்டிருந்தார்.

"போவணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணல" என்றார். "டாக்டரு ஆப்ரேசன்னு சொன்னா லீவு வேணும். லீவுன்னா சேட்டுட்ட சொல்லணும். அதான் கடைசியா பாத்துக்கிடலாம்னு."

எனக்கு என் குறிப்பு ஞாபகம் வந்தது. பிறகு பார்க்க. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் பெயரைத் தட்டினேன். வயதில் விரல் தவறி ஒரு எழுத்து விழ, திரையில் சிவப்பாக வந்தது: பதிவாகவில்லை, வயதைச் சரி பார்க்கவும். அவர் குனிந்து பார்த்தார். பயப்படவில்லை.

"இது நல்லாருக்கு. வரலன்னா வரலன்னு சொல்லுது."

திருத்தினேன். பச்சை வந்தது. இந்த முறை டேட்டாபேசைத் திறந்து, அவர் பெயர் அங்கே உட்கார்ந்திருப்பதை எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். ஐந்தேமுக்காலுக்குப் பட்டியல் ஆஸ்பத்திரிக்குப் போனது.

மறுநாள் தன்னோடு சேர்த்து இருபத்து மூன்று பேரையும் அவரே கூட்டி வந்தார். மாடிப் பெரியவர் உட்பட. அவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார், அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். வரிசையில் அந்தப் பெண் மறுபடியும் கடைசியில் போய் நின்றார். நான் தொண்டராகச் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, யாரும் கேட்காத வழியை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவர் சீட்டோடு வெளியே வந்தார். பத்து நாளில் ஆபரேஷன்.

"சேட்டுட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"கண்ணுன்னே சொல்லிருதேன் அண்ணாச்சி. எத்தன நாளைக்கி வயித்துவலின்னு சொல்ல?"

சார் அண்ணாச்சியானதை வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன். முதல் முறையே கேட்டுவிட்டது என்றாள்.

ஒரு மாதம் கழித்து, ஆபீஸ் பஸ்சில் ஐரோலி பாலத்தில் நின்றுகொண்டிருந்தபோது அந்தப் பெண் போன் செய்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்ததாம். சேட் முனகினாராம், ஆனால் மிஷினைக் கொடுத்துவிட்டாராம். இப்போது ஊசியில் நூலை அந்தப் பெண்ணே கோக்கிறாராம். நல்லது என்றேன்.

"இன்னொண்ணு அண்ணாச்சி. நேத்து உங்க வெப்சைட்ட சும்மா தொறந்து பாத்தேன். அடியில சாம்பக் கலர்ல எறும்பு மாதிரி என்னமோ எழுதியிருக்கு. 'ஒவ்வொரு பெயருக்கும் தனிச் செய்தி வரும். வராவிட்டால் உடனே அழைக்கவும்'னு. இது அன்னைக்கும் இருந்துச்சா?"

"இருந்தது."

"கண்ணு தெரியாதவிய படிக்கதுக்கா இவ்ளோ பொடிசா எழுதி வச்சிருந்தீய?"

நெட் போய்விட்டது என்று இதற்கும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வரியைக் கறுப்பாக்கி, பெரிதாக்கி, மேலே கொண்டுவந்து வைத்தேன். பார்த்துச் சொல்லுங்கள் என்று அவருக்கு மெசேஜ் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அந்தப் பக்கத்தையே போட்டோ பிடித்து அனுப்பியிருந்தார். கூடவே குரலில் ஒரு செய்தி.

"இப்ப எதுத்த மாடியில நின்னே படிக்கலாம் அண்ணாச்சி. கொஞ்சம் கொறைங்க."