குணசுந்தரி திறக்காத ஃபைல்கள்

லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, காற்று வெளியேறும் சந்தில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தார் குணசுந்தரி. "உங்க வூட்ல தறி ஓடுதா? உள்ள பூரா பட்டு நூல் தூசு. அது இன்னா பண்ணும் பாவம், மூச்சு முட்டிக்கினு கெடக்குது" என்றார். கொண்டுவந்தவர் வீட்டு ரகசியம் வெளியே வந்துவிட்டதுபோல் நெளிந்தார்.

ஆரணி கோட்டை மைதானத்துக்குப் பின்னால் ஒரு தையல் கடையை ஒட்டியிருக்கிறது இவருடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. புதிதாக வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "ரிப்பேர் பண்றவரு இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "இருக்காரு, குந்துங்க" என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு தானே வந்து எதிரில் உட்காருவார். இந்த விளையாட்டு இவருக்கு இன்னும் அலுக்கவில்லை.

அமாவாசை வந்தால் கடையில் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்கு ஊரில் தறி ஓடாது என்பதால், புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற அத்தனை பேரும் அன்றுதான் தங்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மறுநாள் தறி தட்டும்போது எல்லாம் கைக்குத் திரும்பியாக வேண்டும்.

2008-இல் இவருக்குத் தலைவலியாக இருந்தது விண்டோஸ் விஸ்டா. புது லேப்டாப்பெல்லாம் அதோடுதான் வந்தன. டிசைன் சாஃப்ட்வேரில் வரைய வரும். ஆனால் தறிக்குப் பூ வேலையைச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடும் மெஷினோடு இணைத்தால் பேசாது. பழைய எக்ஸ்பியைப் போட்டால்தான் பேசும். "மாடி வூடு கட்டிட்டு உள்ள குடிச போட்டுக் குடுன்றாங்க" என்பார். எக்ஸ்பி சி.டி.யைப் போட்டதும் திரை நீலமாகி நின்றுவிடும். புது வகை ஹார்ட் டிஸ்க்கை அந்தப் பழைய சி.டி.க்கு அடையாளம் தெரியாது. மெஷினின் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போய் டிஸ்க்கைப் பழைய முறைக்கு மாற்றிவிட்டு, "கோச்சிக்காத, இன்னொரு தபா வா" என்று அதனிடமே சொல்வார். ஏறிய பிறகும் படம் மங்கலாக இருக்கும், சத்தம் வராது, நெட் வராது. ஒவ்வொன்றுக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் தேட வேண்டும். "மொதல்ல கண்ணு, அப்புறம் காது" என்பது அவர் வைத்திருக்கும் வரிசை.

தொழிலில் இவருக்கு ஒரே ஒரு விரதம் உண்டு. யாருடைய டிசைன் ஃபைலையும் திறந்து பார்க்கமாட்டார். ஆரணியில் ஒரு சேலையின் புது முந்தி டிசைன் அடுத்தவன் கண்ணில் பட்டால், சேலை தறியிலிருந்து இறங்குவதற்குள் அதே முந்தி அவன் கடையில் தொங்கும். அதனால் காப்பி எடுக்கும் நேரத்தில் திரையைச் சொந்தக்காரர் பக்கம் திருப்பிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஜென்ம விரோதிகளான இரண்டு டிசைனர்கள்கூட அடுத்தடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினை நம்பிக் கொடுத்தது இதனால்தான்.

அப்படி நம்பி வந்தவர் கொசப்பாளையம் தனக்கோடி. மீசை கருப்பாக இருந்த காலத்திலிருந்து கிராஃப் தாளில் அடுத்தவர் சொன்ன டிசைனை வரைந்தவர். சர்க்கரை கண்ணில் ஏறியதும், பெரிதாக்கிப் பார்க்கலாமே என்று லேப்டாப் வாங்கினார். அதில்தான் முதன்முதலாகத் தன் மனசுக்குத் தோன்றிய ஒரு முந்தியை வரைந்து முடித்திருந்தார். தறிக்காரர் இராஜமாணிக்கம் அதற்கென்று தறியில் பாவு நூல் பூட்டி வைத்திருந்தார். அமாவாசை கழிந்ததும் அட்டை அடிக்க வேண்டும்.

"சி டிரைவ் அழிஞ்சிடும். எல்லாம் டி டிரைவ்ல போட்டுட்டீங்களா பெரிப்பா?"

"போட்டுக்கீறேன் கொயந்த. பேரு பேரா இருக்குது பாரு."

குணசுந்தரி வழக்கம்போலத் திரையை அவர் பக்கம் திருப்பினார். பெரியவர் மூக்கு இடிக்கக் குனிந்து பெயர்களைப் படித்தார். எல்லாம் இருந்தன. சி டிரைவ் அழிந்தது, எக்ஸ்பி ஏறியது, கண்ணும் காதும் வந்தன. முந்தியைத் திறக்கப் போனபோது அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது மெஷின். டி-யில் இருந்தவை டெஸ்க்டாப்பிலிருந்து இழுத்துப்போட்ட ஷார்ட்கட்டுகள். வழி காட்டும் பலகையைப் பத்திரப்படுத்திவிட்டு ஊரை அழித்திருந்தார்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் குட்டியாக ஒரு அம்புக்குறி இருந்தது. குணசுந்தரி ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தனக்கோடியின் கண்ணுக்கு அது தெரிய வழியில்லை.

அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை ஓடவிட்டார். கீபோர்டு மாற்ற வந்த நான் பக்கத்தில்தான் இருந்தேன். சினிமாப் பாட்டெல்லாம் திரும்பி வந்தது. பேரனின் காதுகுத்துப் படங்கள் ஒன்றுவிடாமல் வந்தன. முந்தி மட்டும் பாதி வந்தது. மேலே வரிசையாகப் பூக்கள், கீழே வெறும் சாம்பல் நிறக் கோடுகள். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே மனசு வரவில்லை.

"நான் ஒரு தபா தொறந்து பாத்திருக்கணும் பெரிப்பா."

"நீ தொறந்திருந்தா நானேதான கத்தியிருப்பேன்" என்றார் தனக்கோடி.

அவர் நாலு திட்டு திட்டியிருந்தால் குணசுந்தரிக்கு ஆறியிருக்கும். இராஜமாணிக்கம் பூட்டிய பாவு நூலை எத்தனை நாள் சும்மா விடுவார்? வேறு டிசைன் போட்டுத் தறியை ஓட்டிவிட்டார்.

இப்போது குணசுந்தரி ஃபார்மட் போடும் முன், ஒவ்வொரு ஃபைலையும் சொந்தக்காரரே திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறார். "ஜல்தியா முடிம்மா, பேஜாரா கீது" என்று அவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். "எனுக்கு அவசரமில்ல, நீங்க தொறங்க" என்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பழைய விளையாட்டுப் பேச்சு அந்த நேரத்தில் மட்டும் இருப்பதில்லை.

போன அமாவாசையன்று கூட்டம் கலைந்த பிறகு தனக்கோடி வந்தார். வரையும் அளவுக்குப் பார்வை இனி இல்லை. தான் சொல்லச் சொல்ல, பாதியில் நிற்கும் முந்தியின் மீதியைக் குணசுந்தரியே போட முடியுமா என்று கேட்டார். குணசுந்தரி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மவுசைப் பிடித்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் வரைந்தார்.

"கடசிப் பூவுக்குக் கீய ஒரு கொடி. எடது பக்கம் சாயும். அதுல ரெண்டு மொட்டு... போட்டியா?"

"போட்டேன் பெரிப்பா."

"அப்புறம் அந்தக் கொடி திரும்பி..." விரல் பாதியில் நின்றது. "இரு கொயந்த. திரும்பி... இன்னாவோ போட்டிருந்தேனே."

குணசுந்தரி எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்க அவருக்கு எதுவும் தெரியாது. பெரியவரின் விரல் இறங்காமல் காற்றிலேயே நின்றது. திரையில் புதிதாக ஒரு புள்ளிகூடச் சேரவில்லை. குணசுந்தரி மெல்லக் கையை நீட்டி அதுவரை போட்டிருந்ததை இன்னொரு முறை சேவ் செய்தார்.