ஞானமுத்து அண்ணன் எழுந்து நின்ற ஞாயிறு

போன செவ்வாய்க்கிழமை நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வேதக்கோயில் மணி அடித்தது. வாரநாளில், பட்டப்பகலில் எங்கள் கோயில் மணி அடித்தால் அது யாருக்கோ அடிப்பது என்று பூந்தமல்லியில் எல்லாச் சாதி மதத்தாருக்கும் தெரியும். பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். ஜன்னலண்டை போய், தெருவில் வந்துகொண்டிருந்த கோயில் உபதேசியாரைக் கூப்பிட்டு, "யாருக்கு?" என்றேன்.

"நம்ம ஞானமுத்தும்மா. விடியக்காலைல. தூக்கத்துலயே போய்ட்டாரு" என்றார்.

சாவுச் செய்தி கேட்டதும் சிரிப்பு வரலாமா? எனக்கு வந்தது. தூக்கத்தில் போனார் என்றதும் வந்துவிட்டது. நம் வாலிபர் சங்கத்தார் இதற்காக என்னைக் கோபிக்க மாட்டார்கள். அவருக்கும் தூக்கத்துக்கும் இருந்த சிநேகம் அவர்கள் அறிந்ததுதான். சிரித்து முடித்தபிறகு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானமுத்து அண்ணன் பெரிய ரஸ்தாவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. நான் சொல்வது யுத்தத்துக்கு முந்திய காலம். ஆவடியில் பட்டாளத்துக்காரர் கூடாரம் அடிக்காத காலம். இன்றைக்கு ஊரெல்லாம் சுயராஜ்யம் வரப்போகிறது என்று பேசுகிறார்கள். அன்றைக்கு எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வருவதே பெரிய சுயராஜ்யம். கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் பாய் விரித்துச் சங்கம் கூடும். ஒரு பக்கம் வாலிபர்கள், மறுபக்கம் பெண்கள், நடுவே மதில்சுவராக ஐயரம்மா. எங்கள் பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. அந்த மதிலைத் தாண்டி எந்தப் பார்வையும் போகாது. பாட்டு மட்டும் போகும்.

கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. புதிதாக வாங்க வழியில்லை. அதனால் ஆராதனையில் பாட்டு வரும்போது ஞானமுத்து அண்ணன் எல்லாருக்கும் முந்தி எழுந்து, தொண்டையைக் கனைத்து, சுருதி எடுத்துக் கொடுப்பார். அதன்பிறகுதான் சபை எழும். சங்கத்தில் நாங்கள் பாட்டுப் பழகும்போது யாராவது அபஸ்வரமாய் இழுத்தால் அண்ணனுக்குப் பொறுக்காது. "கர்த்தரு பொறுத்துக்குவாருப்பா. பக்கத்து ஊட்டுக்காரன் இன்னா பாவம் பண்ணான்?" என்பார்.

குருத்தோலை ஞாயிற்றுக்குக் கழுதை பிடித்து வந்த கதையைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. எங்கள் ஆண்டவர் கழுதைமேல் ஏறி வந்த நாள் அது. வெறும் ஓலையைப் பிடித்துக்கொண்டு பவனி போவது அவருக்குச் சப்பென்று இருந்ததாம். சலவைக்காரர் முனுசாமியிடம் போய் ஒரு கழுதை கேட்டார். "கூட்டினு போ அண்ணாத்தே. ஆனா அது தெனம் போற எடத்துக்குத்தான் போவும், சொல்ட்டேன்" என்றார் முனுசாமி. அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழுதையைக் குளிப்பாட்டி, கழுத்தில் குருத்தோலை மாலை கட்டி, மரியாதையாக இருக்கட்டும் என்று அதன் முதுகில் வெள்ளைத் துப்பட்டிகளை மடித்துப் போட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று.

பவனி கிளம்பியது. முன்னே கழுதை, பின்னே பாட்டுப் புத்தகத்தில் கண்ணை வைத்தபடி ஐயர், அவருக்குப் பின்னே நாங்கள். எல்லாரும் ஓலையை ஆட்டிக்கொண்டு உச்சக் குரலில் பாடினோம். கோயில் தெருவில் திரும்பவேண்டிய கழுதை திரும்பவில்லை. முதுகில் வெள்ளைத் துணி ஏறினால் அதற்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். பாட்டின் உற்சாகத்தில் நாங்களும் பின்னாலேயே போனோம். கடைசிச் சரணம் முடிந்து தலை நிமிர்ந்து பார்த்தால் ஏரிக்கரை! துணி துவைக்கும் கல்லருகே கழுதை சமர்த்தாக நிற்கிறது.

கரையில் துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, "இன்னா நைனா இது, கய்தைக்குத் திருவிழாவா?" என்று கேட்டாள்.

"கய்தைக்கு இல்லம்மா, எங்க சாமிக்கு. கய்தைக்கு வழி நல்லாத் தெரியுது, எங்களுக்குத்தான் தெரியல" என்றார் அண்ணன்.

ஐயர் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைத் தண்ணீரில் விட்டார். முனுசாமி வீட்டார்தான் இறங்கித் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். அன்றைய ஆராதனை ஏரிக்கரையிலேயே நடந்தது. அந்த அம்மாள் துணி பிழிவதை நிறுத்திவிட்டுக் கடைசி வரை உட்கார்ந்து கேட்டாள்.

இப்படி எதையும் வேடிக்கையாக்குகிற மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட மாட்டார். எங்கள் சங்கத்தில் 'சொல்லாத விண்ணப்பம்' என்று ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் முடிகிற சமயம் அவரவர் ஜெப விண்ணப்பத்தைச் சொல்வார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல், தம்பிக்குப் பரீட்சை என்று வரும். வாய்விட்டுச் சொல்ல முடியாத பாரம் இருந்தால் கையை மட்டும் தூக்கலாம். எல்லாரும் ஜெபிக்கவேண்டும், ஒருவரும் என்னவென்று கேட்கக்கூடாது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தர் ஒருநாள் யாரிடமோ துருவிக் கேட்டுவிட்டார். அண்ணனுக்கு வந்ததே கோபம்! "கையத் தூக்குனா ஜெபம் பண்ணு. அவுங்க ஊட்டு ஜன்னல எட்டிப் பாக்காத" என்றார். அவர் அதட்டி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அந்த வருஷம் நான் வாரா வாரம் கை தூக்கினேன். பட்டணத்தில் உபாத்தியாயினி பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அதே சமயத்தில் அப்பா எனக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டார். மாப்பிள்ளைக்கு அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம், நல்ல குடும்பம். ஆனால் பெண் படிக்கவும் கூடாது, வேலைக்குப் போகவும் கூடாது என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்பா சம்மதித்துவிட்டார். அவர் பொல்லாதவர் அல்ல. எனக்குக் காலில் முள் தைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. எனக்கோ அவர் எதிரே வாய் திறக்கத் துணிச்சல் இல்லை. துணிச்சல் இருந்தது கைக்கு மட்டுந்தான். அதைத்தான் வேப்பமரத்தடியில் தூக்கினேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் சபையைக் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார். யாரும் எதுவும் சொல்வதில்லை. அடுத்தது பாட்டுத்தான். ஓலை வாசிக்கிற நாளில் பெண் கோயிலுக்கு வரமாட்டாள் என்று சில குடும்பங்களில் உண்டு. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. நான் பாட்டுக்காரர் வரிசையிலேயே உட்கார்ந்து என் ஓலையை இரண்டு வாரம் கேட்டேன்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. முந்தின நாள் வாலிபர்கள் சென்னீர்குப்பம், மாங்காடு என்று நடந்தே போய்ப் பாட்டுக்கூட்டம் நடத்தித் திரும்பியிருந்தார்கள். ஞானமுத்து அண்ணன் தூணில் சாய்ந்தவர் பிரசங்கத்திலேயே கண்ணை மூடிவிட்டார். ஐயர் ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். மூச்சு நிறுத்தினார். கோயில் நிசப்தமானது.

ஞானமுத்து அண்ணன் எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

தூக்கத்தில் அவருக்குத் தெரிந்தது நிசப்தம் ஒன்றுதான். நிசப்தம் வந்தால் பாட்டு, பாட்டு வந்தால் எழுந்து நிற்கவேண்டும். அவர் எழுந்தது சுருதி கொடுக்க. சபை மொத்தமும் அவர் என் கல்யாணத்துக்குத் தடை சொல்ல எழுந்தார் என்று நினைத்தது. அப்பா பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"என்னப்பா ஞானமுத்து, தடை ஏதாவது உண்டா?" என்றார் ஐயர்.

அப்போதுதான் அண்ணனுக்கு விழிப்பு வந்தது. ஐயர் கையில் ஓலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். இல்லை ஐயரே, பாட்டு என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் சபை சிரித்திருக்கும், அவர் உட்கார்ந்திருப்பார், நான் இன்று அரக்கோணத்தில் இருந்திருப்பேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வாரா வாரம் உயர்ந்த கை யாருடையது என்று அவருக்குத் தெரியும். எதற்கென்று அன்றுவரை தெரியாது. என் முகம் சொல்லிவிட்டிருக்கும்.

"தடை இன்னான்னு எனக்குத் தெரியாது ஐயரே" என்றார் மெதுவாக. "பொண்ண ஒரு வார்த்த கேட்டுட்டாத் தேவலன்னு தோணுது."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கேட்கவேண்டியதுதானே. சுகிர்தம், உனக்கு இதில் சம்மதமா அம்மா?" என்றார்.

எழுந்தேன். "இல்லை ஐயரே. எனக்குப் படிக்கணும். படிச்சு வாத்தியாரம்மா ஆகணும்" என்றேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"அப்பாடா!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஐயரம்மாதான்! மதில்சுவருக்கு வாய் முளைத்துவிட்டது. ஐயர் ஓலையை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். "சரி, பாட்டுப் பாடுவோம்" என்றார். அண்ணன் பதற்றத்தில் சுருதியை எங்கேயோ உச்சாணிக் கொம்பில் எடுத்தார். சபையில் ஒருவருக்கும் குரல் எட்டவில்லை. பாட்டு அன்றைக்குப் பூனைச் சண்டையாகத்தான் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் அப்பா எனக்கு முன்னே விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார். சாயங்காலம் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நாலு பேர் நடுவுல என் மானத்த வாங்கிட்டியேடா" என்றார் அப்பா.

"எழுந்தது தூக்கத்துல மாமா. அதுக்கு உங்க கால்ல உயுந்து மன்னிப்புக் கேக்குறேன்" என்றார் அண்ணன். "பேசுனது முழிச்சுகினு. அதுக்குக் கேக்கமாட்டேன்."

அப்பா கதவைச் சாத்திவிட்டார். ஆனால் மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது, என்னைப் பார்க்காமலே, "அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்னிக்குப் போவணுமாம்?" என்று கேட்டார். நான் தேதியைச் சொன்னேன். அரக்கோணத்துக்காரரும் கோபிக்கவில்லை. தன்னையும் யாரும் கேட்கவில்லை என்று சொல்லி அனுப்பினாராம்! நல்ல மனிதர். நல்ல இடத்தில் கல்யாணமாகி, இன்றைக்கும் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் அனுப்புகிறார். அப்பாவுக்குத்தான் வீம்பு. வெகுகாலம் வரை டயரில் காற்றில்லாவிட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அண்ணன் கடையைத் தாண்டிப் போவார். ஒரு மழை நாளில் வேறு வழியில்லாமல் கடைக்குள் ஒதுங்கினார். அண்ணன் டீ வாங்கிக் கொடுத்து, டயருக்குக் காற்றும் அடித்துக் கொடுத்திருக்கிறார். அதன்பிறகு இருவரும் பிரியவில்லை. அப்பா காலமானபோது அடக்க ஆராதனையில் சுருதி கொடுத்தவரும் அவரே.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு ஐயர் ஒரு வழக்கம் வைத்தார். ஓலை வாசிக்கும் முன் பெண்ணையும் பிள்ளையையும் தனித்தனியே வீட்டுக்கு அழைத்துச் சம்மதம் கேட்பார். பின்னால் வந்த ஐயர்மாரும் கேட்கிறார்கள். ஞானமுத்து அண்ணன் தமக்குப் பெண் பார்த்தபோது ரோஸி அண்ணியிடம் அவரே நேரில் கேட்டாராம். "தூங்குமூஞ்சிக்கு வாழ்க்கைப்படச் சம்மதமா?" என்று! பாட்டுச் சத்தத்தில் தூக்கம் எங்கே வரப்போகிறது என்றாராம் அண்ணி.

புதன்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் இந்துக்களும் முகமதியரும் நம்மோடு நின்றார்கள். முனுசாமி மகன் தோள் கொடுத்தான். பாட்டு என்று ஐயர் சொன்னதும் எல்லாரும் பழக்க தோஷத்தில் அண்ணன் எழுவதற்காகக் காத்திருந்தோம். பிறகு ஆளுக்கொரு சுருதியில் ஆரம்பித்தோம். கன்னாபின்னாவென்று இருந்தது. ரோஸி அண்ணிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. நானறிய இவ்வளவு சிரித்த அடக்கம் இந்த ஊரில் நடந்ததில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், அந்தக் கேள்விதான். அடக்கத்துக்கு மறுநாள் பள்ளி திறந்ததும் ஒரு தகப்பனார் வந்து நின்றார். எட்டாம் வகுப்பில் கெட்டிக்காரியாக இருக்கும் மகளின் படிப்பை நிறுத்தப் போகிறாராம். மாப்பிள்ளை தயாராம். பெண் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள். தகப்பனாரை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு அவளை என் பக்கம் திருப்பி, "உனக்கு இஷ்டமா அம்மா?" என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் படிக்கிறேன் டீச்சர்" என்றாள்.

தகப்பனார் தம்ளரைக் கீழே வைத்தார். "இத்த நான் கேக்கவே இல்லியேம்மா" என்றார். இன்று காலை எட்டாம் வகுப்புக்கு நானே போய், வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்" என்று வகுப்பே அதிரச் சொன்னாள்.