சனிக்கிழமைத் துடைப்பம்

அறுபதுகளின் கடைசியில் ஸ்டுட்கார்ட்டில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள், எங்களையும் சேர்த்து, நான்கு. நான்கு அப்பாக்களும் ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை பார்த்தார்கள். சனிக்கிழமைதோறும் முறைவைத்து ஒருவர் வீட்டில் எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குக் கூடுவோம்.

எங்கள் முறை வந்த ஒரு சனிக்கிழமை, விருந்தினர் இறங்கிப்போன மறுநிமிடமே எதிர்வீட்டு அம்மாள் துடைப்பத்தோடு வந்து மாடிப்படியைப் பெருக்கத் தொடங்கினார். கணவரை இழந்து தனியே வாழ்ந்தவர். பள்ளி விட்டதும் அவர் வீட்டுக்குப் போய்ப் பொத்தான் டப்பாவைக் கொட்டி நிறவாரியாகப் பிரிப்பது என் வழக்கம். அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. வந்தவர்கள் போனவுடன் வாசலைப் பெருக்கினால் இனி வரவேண்டாம் என்று பொருள். நம் வீடுகளில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் அம்மா இதைச் சொன்னதிலிருந்து மற்ற மூன்று வீட்டாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒரு மாதத்துக்குள் எல்லா வீடுகளிலிருந்தும் அதே செய்தி வந்துவிட்டது.

"நாலு வீட்லயும் ஒரே ரிசல்ட். இதுக்கு மேல என்னய்யா ப்ரூஃப் வேணும்?" என்றார் வேதியியல் படித்த மாமா.

"நம்ம கால் பட்ட இடத்தைச் சுத்தம் பண்றாங்கக்கா," என்றார் அவர் மனைவி.

ஜெர்மானியர் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. நான் எதிர்வீட்டுக்குப் போவது அன்றோடு நிறுத்தப்பட்டது. அந்த அம்மாள் ஒருநாள் படியில் வழிமறித்து, ஏன் வருவதில்லை என்று கேட்டார். வீட்டுப்பாடம் நிறைய என்றேன். அம்மா சொல்லிக்கொடுத்திருந்த பதில்.

பிறகு எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. அந்தச் சனிக்கிழமை அப்பா மட்டும் விருந்துக்குப் போனார். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. ஆனாலும் நான்கு மணிக்குப் படியில் துடைப்பச் சத்தம் கேட்டது. கதவை ஒருக்களித்துப் பார்த்தேன். அந்த அம்மாள் எங்கள் மிதியடியையும் எடுத்து உதறிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு படியாகப் பெருக்கிக்கொண்டு இறங்கினார். என் பின்னால் நின்று அம்மாவும் பார்த்தாள்.

சனிக்கிழமை படி பெருக்குவது அந்த ஊரில் வீட்டுக்கு வீடு மாறிவரும் கடமை என்பதும், எங்கள் முறையையும் அவரே செய்துவந்தார் என்பதும் பின்னாளில் தெரிந்தவை. தத்தம் வீட்டில் விருந்தில்லாத சனிக்கிழமையில் எங்களில் எவரும் வீட்டில் இருந்ததே இல்லை.

மறுவாரம் வேதியியல் மாமா வீட்டில் பேச்சு மீண்டும் அங்கேயே வந்து நின்றது.

"உங்க எதிர்வீட்டுக்காரி இன்னும் அப்படித்தானாக்கா?" என்று அவர் மனைவி கேட்டார்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். இப்போது சொல்லிவிடுவாள், திங்கட்கிழமை நான் எதிர்வீட்டுக்குப் போய்விடலாம் என்று காத்திருந்தேன். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆமா, அப்படியேதான்," என்றாள்.

"யாருமே வராத அன்னிக்கும்..." என்று நான் ஆரம்பித்தேன். மேசைக்கடியில் அம்மாவின் விரல்கள் என் தொடையைக் கிள்ளின.

"ஜுரம் விட்டுச்சு, பிதற்றல் இன்னும் விடலை," என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

அம்மா பொய் சொன்னாள் என்பது மட்டுமே எனக்குப் புரிந்தது. நெடுநாள் அதை மன்னிக்கவில்லை. அப்பாவும் நானும் வெளியே போய்விட்ட வாரநாட்களில் அவள் ஒரு சொல்லும் பேசாமல் மாலைவரை இருந்தாள் என்பதையும், அவளை அக்கா என்று கூப்பிட அந்த ஒரு மேசையைத் தவிர அந்நாட்டில் வேறிடம் இல்லை என்பதையும் அப்போது நான் அறியேன்.