உப்பில்லாத மோர்

விளிம்பு நசுங்கிய ஓர் எவர்சில்வர் டம்ளர், அதில் பச்சிலை அரைத்துக் கலந்த மோர். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் இருந்த நாட்களை நினைத்தாலே முதலில் கண்ணில் வருவது அதுதான். கூடவே, மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைக்கும் என் அறைத்தோழியும்.

அவள் ஏரல்காரி, வேதியியல் மாணவி. நாட்டு மருந்து என்றாலே அவளுக்கு இளக்காரம். ஒருமுறை எல்லாப் பிரிவுக்கும் பொதுவான தமிழ் வகுப்பில் பேராசிரியை, நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றபோது ஒரு கையும் எழவில்லை. இவள் மட்டும் எழுந்து, "கஷாயம் குடிச்சி நல்லாவுதவன் சும்மா கெடந்தாலும் நல்லாயிருவான் மேடம்" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

இறுதித் தேர்வு நெருங்கிய சமயத்தில் அவளுக்கே கண் மஞ்சளித்தது. ரத்தம் சோதித்த டாக்டர், காமாலைதான், நல்ல ஓய்வும் எண்ணெயில்லாச் சாப்பாடும் போதும், இதற்கென்று தனி மாத்திரை கிடையாது என்று அனுப்பிவிட்டார். மாத்திரை எழுதாத டாக்டரை அன்றுதான் பார்த்தோம். எங்களுக்குத் திக்கென்றது. அவளுக்கோ வேறு பயம். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஊருக்குப் போனால் பரீட்சையும் போச்சு, படிப்பும் போச்சு. "வீட்டுக்கு மட்டும் சொல்லிராதீங்கட்டி" என்று கும்பிட்டாள். தேறாவிட்டால் அப்பாவுக்கு ஃபோன் போட்டுவிடுவேன் என்ற மிரட்டலோடு வார்டனம்மா அரைமனதாகச் சம்மதித்தார்.

அன்று கை தூக்காத கூட்டம் மொத்தமும் வைத்தியராகிவிட்டது. அம்பாசமுத்திரத்துக்காரி பஸ் ஏறிப் போய் வயல் வரப்பில் கீழாநெல்லி பிடுங்கி வந்தாள். தாவரவியல்காரி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் லத்தீன் பெயரைச் சொல்லிவிட்டு, மோரில் கலக்க அரைத்துக்கொடுத்தாள். இன்னொருத்தி ஜெபித்த எண்ணெயை நெற்றியில் தடவினாள். வார்டனம்மா தன் பங்குக்கு ஹோமியோபதிச் சீனி உருண்டை கொடுத்தார். எதையும் அவள் மறுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பத்தியத்துக்கு உப்பு ஆகாது என்றார்கள். அவள் மட்டும் தனியாகச் சப்பென்று தின்ன வேண்டாமே என்று அறையில் எல்லோருமே உப்பை விட்டோம். எங்கள் முகம் போகும் போக்கைப் பார்த்து நோய்க்காரி சிரிப்பாள்.

தேறினாள். பரீட்சையும் எழுதினாள். எந்த மருந்து கேட்டது என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடினோம். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. "எல்லாம் தானாப் போச்சி" என்பது அவள் கட்சி. பிறகு எதற்காக அத்தனையையும் குடித்தாய் என்று கேட்டேன்.

"குடிக்கலன்னா ஒங்க மூஞ்சியப் பாக்க சகிக்கலட்டி."

இப்போது நான் படுத்திருக்கிறேன். புற்றுநோய், மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஃபோனைத் திறந்தால் உறவுக்காரர்கள் அனுப்பும் மூலிகைகளும் சாறுகளும்தான். அன்பால் செய்கிறார்கள் என்று தெரிந்தும் எரிச்சல் வருகிறது. அவள் மட்டும் எதுவும் அனுப்பவில்லை. போன வாரம் நேரில் வந்தாள். இப்போது அவள் வேதியியல் பேராசிரியை. பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலையும் டம்ளரையும் எடுத்தாள். அதே நசுங்கிய விளிம்பு. இத்தனை காலம் வைத்திருந்தாளா என்று அதையே பார்த்தேன்.

"முழிக்காத. ஒன் டாக்டர்ட்ட கேட்டுட்டுத்தான் கொண்டாந்தேன். பச்சிலையெல்லாம் கெடையாது, வெறும் மோரு. பையக் குடி."

மூக்கைப் பொத்தாமலே குடித்தேன். உப்புப் போட்டிருந்தாள்.